விலை கொடுத்தால் கடன் தீருமா?

அம்பத்தூரில் நண்பர் ஒருவர் இல்லத்து வலீமா விருந்து. என் மக்தபில் ஓதும் பத்து வயதுப் பையன் ஒருவன் பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்திருந்தான். பிரியாணிச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தவன், கருகிய காகிதச் சுருள் போன்ற ஒன்றை விரல் நுனியில் எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"ஹஜ்ரத், இது என்ன?"

"கல்பாசி, தம்பி. மணத்துக்காகப் போடுவார்கள்."

"எங்கே விளையுது, ஹஜ்ரத்?"

"கடலில்" என்றேன், சற்றும் தயங்காமல்.

பையன் தலையசைத்துவிட்டு அந்தச் சுருளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான். நானும் என் தட்டில் கிடந்தவற்றை அவ்வாறே ஒதுக்கினேன். பந்தி முடிந்து எழுந்தபோது, ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் அந்தக் கருஞ்சுருள்கள் கிடந்தன. அவற்றோடு ஒரு கைப்பிடி சோறும் கிடந்தது.

அன்றிரவு அந்த 'கடலில்' என்ற சொல் என்னை உறங்கவிடவில்லை. பெயரிலேயே 'கல்' இருக்கும்போது கடல் எங்கிருந்து வந்தது? நோன்பு காலத்தில் நம் வீடுகளில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடும் கடற்பாசியை நினைத்துக்கொண்டு, கல்பாசிக்கு விடை சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் பெயரின் பிற்பாதி ஒன்று என்பதைத் தவிர வேறு உறவு இல்லை. ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியன், ஒரு குழந்தையின் கேள்விக்கு, அறியாததை அறிந்தவன் போலப் பதில் தந்துவிட்டான். "எனக்குத் தெரியாது" என்ற இரண்டே சொற்களைச் சொல்ல நா எழவில்லை. எத்தனையோ கேள்விகளுக்கு அந்த விடையையே கூசாமல் சொன்னவர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவனும் நானேதான்.

ஒரு 'நூன்' செய்த மயக்கம்

சில நாள்களுக்குப் பின் பூந்தமல்லிக்குச் சென்றபோது, அங்கே ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஐம்பது கிராம் கல்பாசி கேட்டேன். கடைக்காரர் முதியவர். பொட்டலம் கட்டிக்கொண்டே, "மலைச் சரக்கு இது. யூனானி வைத்தியர்கள் இதைத்தான் உஷ்னா என்று கேட்டு வாங்குவார்கள்" என்றார்.

உஷ்னா! அந்தச் சொல்லை நான் அறிவேன். மதரஸாவில் ஓதிய காலத்தில் பழைய அரபு மருத்துவச் சொற்பட்டியல் ஒன்றில் அதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அதனைப் பாத்திரம் துலக்கவும் கைகழுவவும் பயன்படும் 'உஷ்னான்' என்ற உவர்ச்செடி என்றே எண்ணிக் கடந்துவிட்டேன். ஃபிக்ஹு நூல்களில் தூய்மை பற்றிய பாடத்தில் வருவது அந்த உஷ்னான். கடைசியில் ஒரு 'நூன்' சேர்ந்தால் உஷ்னான்; சேராவிட்டால் உஷ்னா. முன்னது நிலத்தில் வளர்வது, பின்னது மரக்கிளையில் தொங்குவது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லை மட்டும் அறிந்து பொருளை அறியாதிருந்தேன். அந்தப் பொருளோ, நான் உண்ட எத்தனையோ விருந்துகளில் என் தட்டுக்கு வந்துபோயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்துப் பரப்பினேன். பெரும்பகுதி, மேலே சாம்பல் நிறமும் அடியில் கரிய நிறமும் கொண்ட, ஓரம் நெளிந்த தகடுகள். இவையே நாம் கல்பாசி என்று சமைப்பவை. தாவர நூலார் இதற்குப் 'பார்மோட்ரீமா' என்று பெயர் கூறுவர். இடையிடையே வேறொன்றும் கிடந்தது. அது பசுமை கலந்த வெளிர்நிற இழை. சிறு புதர் போலக் கிளைவிட்டு, நரைத்த தாடி மயிர் போலச் சுருண்டிருந்தது. அந்த இழையைச் சற்று நேரம் நீரில் ஊறவைத்து இரு முனையையும் மெல்ல இழுத்தேன். மேல்தோல் வளையம் வளையமாக விட்டுப் பிரிய, நடுவில் வெண்ணிற நரம்பு ஒன்று ரப்பர் போல நீண்டது. வேறு எதிலும் எளிதில் காணக் கிடைக்காத அடையாளம் இது. இந்த வெள்ளை நரம்பு உடையதுதான் உஷ்னா. மேலைநாட்டுத் தாவரவியலில் 'அஸ்னியா' என்ற பேரினம். 1763ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் அடான்சன் அந்தப் பேரினப் பெயரை முறைப்படி நிறுவினார். அப்பெயர் நம் அரபு உஷ்னாவின் திரிபே. ஆங்கிலேயர் இதனைக் கிழவனின் தாடி என்பர். அரபு மக்களோ 'ஷைபத்துல் அஜூஸ்', அதாவது கிழவியின் நரை என்பர். முதுமையை ஆணுக்குத் தருவதா பெண்ணுக்குத் தருவதா என்பதில்தான் இருவருக்கும் கருத்து வேற்றுமை!

ஒரு பெயரில் இருவர்

உஷ்னாவும் கல்பாசியும் 'லைக்கன்' என்னும் ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒன்று புதர் வடிவம், மற்றது இலை வடிவம். மூன்றாவது வகை, பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் பூச்சு வடிவம். நம் வீட்டுத் தென்னைமரத்தில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் தோன்றும் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவையும் லைக்கன்களே. மரத்துக்கு வந்த நோய் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் மரத்துக்கு அவற்றால் தீங்கில்லை. மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. இருக்க ஓர் இடம் மட்டுமே கேட்கின்றன.

வேரும் இலையும் பூவும் இல்லாத இந்த உயிர் எதனை உண்டு வாழ்கிறது? 1860களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் ஷ்வெண்டனர் இதற்கு விடை கூறினார். லைக்கன் என்பது ஒரே உயிர் அன்று; பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்றார். பூஞ்சை கூரையும் சுவரும் அமைத்து, மழையின் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உள்ளே இருக்கும் பாசி சூரிய ஒளியைக்கொண்டு உணவு சமைக்கிறது. அக்காலத்து லைக்கன் அறிஞர் பலர் இதைக் கேட்டு நகைத்தனர். பின்னர் உலகம் ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டில், பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகையைச் சேர்ந்த மற்றொரு பூஞ்சையும் குடியிருப்பதாக ஆய்வாளர் கண்டனர்.

'கல்பாசி' என்ற நம் பெயர், அடுப்படியில் உழைக்கும் பாசியைச் சொல்லிவிட்டு, வீட்டைக் கட்டிய பூஞ்சையைச் சொல்லாது விட்டுவிட்டது. பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான். பாதி உண்மையைச் சுமந்துகொண்டு, முழு உண்மை போல நம் நாவில் புழங்கிவிடுகின்றன.

எத்தனை கைகள்!

இந்த எளிய இழையைத் தேடி எத்தனை கைகள் நீண்டிருக்கின்றன என்று எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ், மரங்களில் வளரும் இத்தகைய பாசியை மருந்துச் சரக்குகளுள் ஒன்றாக வைத்தார். தேவதாரு வகை மரத்தில் வளர்வதே சிறந்தது என்றும், நறுமணத் தைலங்களுக்கும் தூபத்துக்கும் ஏற்றது என்றும் குறித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அவருடைய நூல் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டது. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அப்பெயர்ப்பைத் திருத்திச் செம்மை செய்தார். இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் தனிச் சரக்குகளை வரிசைப்படுத்துகையில் உஷ்னாவுக்கும் இடம் தந்தார். அவ்வழி வந்த யூனானி மருத்துவம் இதனைத் துவர்ப்பும் மணமும் உடையது, இரைப்பைக்கு வலுவூட்டுவது, வீக்கம் தணிப்பது என்று போற்றுகிறது.

வடநாட்டில் 'சரீலா' என்ற பெயரில் உஷ்னாவும் கல்பாசியும் பிற உறவினங்களும் ஒரே மூட்டையில் கலந்து விற்கப்படுகின்றன. கன்னோஜ் நகரத்து அத்தர் வடிப்போர் அதனை நறுமணக் கலவைகளில் சேர்க்கின்றனர். சீன மருத்துவத்திலும் உஷ்னாவுக்குத் தனிப் பெயரும் தனி இடமும் உண்டு. நம் தென்கடற்கரை மரங்களில் வளரும் 'ரோசெல்லா' என்ற மற்றொரு புதர் லைக்கனின் இனத்திலிருந்தே, ஊதா நிறச் சாயமும், பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிள்ளைகள் அமிலத்தைச் சோதிக்கும் லிட்மஸ் தாளின் நிறமும் கிடைத்தன.

கை நீட்டுவோர் மனிதர் மட்டும் அல்லர். சீனத்தின் யுன்னான் மலைகளில் வாழும் சப்பை மூக்குக் குரங்குகளுக்கு, மரத்தில் தொங்கும் தாடி லைக்கன்கள் முக்கிய உணவு. வட அமெரிக்காவில் 'பாருலா' என்ற சிறு பறவை உஷ்னாக் கொத்துக்குள்ளேயே தன் கூட்டை அமைத்துக்கொள்கிறது.

இப்பயன்களுக்கு இடையே ஓர் எச்சரிக்கையும் உண்டு. உஷ்னாவில் உள்ள 'அஸ்னிக் அமிலம்' சில வகைக் கிருமிகளை அடக்க வல்லது என்பது ஆய்வில் தெளிந்த செய்தி. இதை அறிந்த சிலர், அந்த அமிலத்தைப் பிரித்தெடுத்து, உடல் பருமனைக் குறைக்கும் மாத்திரையில் சேர்த்து விற்றனர். அதனை உண்டவர்களிடையே கல்லீரல் கேடு கண்டதால், 2001ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அத்தகைய மாத்திரை ஒன்றை உட்கொள்ள வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்தது. ஒரு சிட்டிகையில் மணமாய் இருந்தது, அளவு மீறியபோது நஞ்சாயிற்று. அளவற்று உண்டு பருத்த உடலை, அளவற்ற மருந்தால் இளைக்க வைக்க முயன்றதன் விளைவு அது.

பத்து ஆண்டும் ஒரு நொடியும்

இனி என் நெஞ்சை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன்.

லைக்கன்கள் மிக மெதுவாக வளர்பவை. பல இனங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே பெருகுகின்றன. விரைந்து வளரும் தாடி இனங்கள்கூட ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஒரு கல்பாசித் தகடு ஆண்டுக்கு நான்கு மில்லிமீட்டர் விளிம்பு விரிகிறது என்று கொள்வோம். உள்ளங்கை அகலம், அதாவது எட்டு சென்டிமீட்டர் குறுக்களவு வர வேண்டுமானால், நடுவிலிருந்து நான்கு சென்டிமீட்டர் நகர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து ஆண்டுகள்! அதைக் கிளையிலிருந்து பெயர்த்தெடுக்க ஒரு நொடி போதும்.

நெல்லை அறுத்தால் மறுபோகம் விதைக்கலாம். மிளகாயும் மல்லியும் அவ்வாறே. ஆனால் உஷ்னாவையோ கல்பாசியையோ உழுது விதைத்து, நீர் பாய்ச்சி அறுவடை செய்யும் வேளாண்மை ஏதும் இல்லை. சந்தைக்கு வருவதெல்லாம் காட்டில் தானாக வளர்ந்ததே. இமயமலைச் சாரலில் உத்தராகண்டிலும் இமாசலப் பிரதேசத்திலும், நம் நாட்டில் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும், குளிரும் மூடுபனியும் சூழ்ந்த மரங்களில் அவை தாமே வளர்கின்றன.

நான் பூந்தமல்லிக் கடையில் கொடுத்த பணத்தில் என்னென்ன அடங்கியிருந்தன? பறித்தவர் கூலி, மூட்டை சுமந்த கூலி, லாரி வாடகை, மொத்த வணிகரின் ஆதாயம், சில்லறைக் கடைக்காரரின் ஆதாயம். நன்று. இவர்கள் எல்லாரும் தத்தம் உழைப்புக்கு உரியதைப் பெற்றனர். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளுக்கு யார் விலை போட்டார்? யார் பெற்றுக்கொண்டார்? பனியையும் வெயிலையும் உண்டு வளர்ந்த காலத்துக்கு எந்த ரசீதிலும் ஒரு வரி இல்லை. அவ்வாறிருக்க, "விலை கொடுத்து வாங்கினேன், என் பொருள், ஒதுக்கினாலும் எறிந்தாலும் என் விருப்பம்" என்று நான் சொல்வது நீதியாகுமா?

இது கல்பாசியோடு நிற்கும் கேள்வி அன்று. நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி மக்களுக்குத் தண்ணீர் லாரியைத் தெரியாதவர் இலர். 2019ஆம் ஆண்டுக் கோடையில், பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். அப்போது லாரித் தண்ணீருக்கு நாம் கொடுத்த பணம் எதற்கு? டீசலுக்கும் ஓட்டுநருக்கும் மோட்டாருக்கும். பல ஆண்டு மழை மண்ணுக்குள் சொட்டுச் சொட்டாய் இறங்கிச் சேர்ந்ததே, அந்தக் காலத்துக்கு நாம் ஒரு காசும் கொடுத்ததில்லை. கொடுக்கவும் இயலாது, ஏனெனில் வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் கடனும் இல்லையா?

மூன்று மறுப்புகள்

மனிதனுக்காகவே உலகம் படைக்கப்பட்டது, பின் ஏன் இந்தத் தயக்கம் என்று ஒருவர் கேட்கலாம். படைக்கப்பட்டவை நமக்குப் பயன்படத் தரப்பட்டுள்ளன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் சட்ட நூலார் பொருளின் உடைமை வேறு, பயன் கொள்ளும் உரிமை வேறு என்று தெளிவாகப் பிரித்திருக்கின்றனர். வாடகை வீட்டில் குடியிருப்பவன் திண்ணையில் உறங்கலாம். உத்தரத்தை உருவி விறகாக்கலாகாது. மேலும், நீர், தானாக வளரும் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிவழியில் நாம் கற்ற நெறி. விதைப்பாரின்றிக் காட்டில் விளையும் உஷ்னாவை அந்தப் புல்லின் இனமாகவே நான் காண்கிறேன். பங்காளிகள் என்றால் இன்றிருப்பவர் மட்டும்தானா? நாளை பிறக்கவிருக்கும் பேரனுக்கும் அதில் பங்கு உண்டு அன்றோ? மதீனாவுக்கு அருகே 'நகீஉ' என்ற மேய்ச்சல் நிலத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'ஹிமா'வாக ஒதுக்கி வைத்தார்கள். பொதுநலன் கருதிச் சிலவற்றைத் தொடாமல் விட்டுவைத்தலும் ஆட்சியின் கடமை என்பதற்கு அது சான்று.

மற்றொருவர், காட்டில் பறித்து விற்கும் ஏழையின் வயிற்றில் அடிக்கலாமா என்று கேட்கலாம். இது கருணையிலிருந்து எழும் கேள்வி, ஆகவே மதிப்புக்குரியது. பழங்குடியினரும் காடு சார்ந்து வாழும் பிறரும் சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. அந்த உரிமை நிலைக்க வேண்டும். ஆனால் காட்டில் உஷ்னா தீர்ந்துபோனால் முதலில் பசித்திருப்பவர் யார்? நாம் அல்லோம், நம் பிரியாணி கல்பாசி இல்லாமலும் வேகும். பறிப்பவர்தாம் பசித்திருப்பார். ஆகவே காற்றில் ஒடிந்து விழுந்த கிளையிலிருந்து எடுப்பதும், நிற்கும் மரத்தில் ஒரு பங்கை விட்டுவைப்பதும், அவ்விதம் எடுத்ததற்கு நாம் கூடுதல் விலை தருவதும் அவருக்குச் செய்யும் நன்மையே அன்றித் தீமை அன்று.

மூன்றாவது மறுப்பே எனக்குக் கடினமாகப் பட்டது. ஒரு தேக்சா பிரியாணிக்கு ஒரு கைப்பிடி. என் தட்டில் ஒரு சுருள். இந்தச் சுருளை நான் வீசினால் என்ன, வீசாவிட்டால் என்ன? மலை குறைந்துவிடுமா?

குறையாது. ஆனால் ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்றுதான் நம் சிறு வயதில் கற்றோம். நாலு கை நீரால் ஆறு குறைவதில்லை. எனினும் விரயம் கூடாது என்றார்களே, ஏன்? குற்றத்தின் அளவு ஆற்றில் இல்லை, கையில் இருக்கிறது என்பதனால்தான். ஆற்றங்கரையில் அளவு கற்காத கை, கிணற்றங்கரையிலும் கற்காது. நான் அன்று தட்டில் ஒதுக்கிய சுருள் மணத்தைத் தந்துவிட்டது. அதை மெல்ல வேண்டும் என்பதில்லை. ஆனால் அதை ஒதுக்கிய அதே கை, அதே அலட்சியத்தோடு ஒரு கைப்பிடி சோற்றையும் ஒதுக்கிற்று. எது எங்கிருந்து வந்தது, எத்தனை காலம் வளர்ந்தது என்று அறியாத கைக்கு எல்லாமே குப்பைதான்.

ஆகவே கடன் உண்டு என்றே நான் முடிவு செய்கிறேன். அது பணத்தால் தீராது. அறிந்து எடுத்தல், அளவோடு எடுத்தல், சிறிது விட்டுவைத்தல் ஆகிய மூன்றே அதற்குரிய நாணயம். அருள்மறையில் 'அர்ரஹ்மான்' அத்தியாயம் உயர்த்தப்பட்ட வானத்தைப் பற்றிப் பேசுமிடத்திலேயே தராசையும் பேசுகிறது. அந்தத் தராசு கடைக்காரரின் மேசைமேல் இருப்பது மட்டும் என்று நாம் எண்ணிவிட்டோம்.

காற்றின் சாட்சி

உஷ்னாவுக்கு இன்னொரு பெருமை உண்டு. அதற்கு வேர் இல்லாததால், உணவு, நீர், தாது அனைத்தையும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் உடல் முழுவதாலும் ஏற்கிறது. காற்றில் நஞ்சு இருந்தால் அதையும் ஏற்கிறது. விலக்க அதற்கு வழி இல்லை. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு மிகும் இடத்தில் முதலில் மறைவது புதர் வடிவ லைக்கன்தான். அடுத்து இலை வடிவம் போகும். இறுதிவரை ஓரளவு தாக்குப்பிடிப்பது பூச்சு வடிவம். 1866ஆம் ஆண்டிலேயே நைலாண்டர் என்ற அறிஞர், பாரிஸ் நகரத்து லக்சம்பர்க் தோட்டத்து மரங்களைப் பார்த்து, லைக்கன்கள் காற்றின் தூய்மையை அளக்கும் கருவி போன்றவை என்று எடுத்துக்காட்டினார். 1970இல் இங்கிலாந்தில் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்னும் இருவர், எந்த லைக்கன் எந்த அளவு மாசுவரை தாங்கும் என்று படிப்படியாக வகுத்துக் காட்டினர். தூய காற்றின் மேற்படிகளில் இருப்பது உஷ்னா. பிற்காலத்தில் அந்நாட்டு நகரங்களில் நிலக்கரிப் புகை தணிந்தபோது, மறைந்துபோன லைக்கன்கள் பல மெல்லத் திரும்பி வந்தன. சாட்சி திரும்பி வரும், நாம் திருந்தினால்!

நம் பகுதியில் நிலை என்ன? 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அதற்குச் சற்று முன்னரே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்துவிட்டது. அவை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டன. அவற்றைப் பழிக்க நான் எழுதவில்லை. உஷ்னா இங்கே இல்லாததற்குப் புகை ஒன்றே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். சமவெளியின் வெப்பமும் வறட்சியும் அதற்கு ஒவ்வாதவை. குளிர்ந்த மலையே அதன் வீடு. ஆனால் நம் தென்னையில் ஒட்டியிருக்கும் திட்டுகளில் ஒன்று 'பிக்ஸைன் கோகோஸ்' என்ற இனமாக இருக்கலாம். தென்னையின் பெயரையே தன் பெயரில் சுமக்கும் அது, நகரத்து மாசையும் தாங்கும் இனம் என்று இந்திய ஆய்வாளர் கூறுவர். லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் இத்தகைய ஆய்வுகள் நடைபெறுகின்றன. சாலையோரத்து மரத்தையும் வீட்டுக்குள் நிற்கும் மரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே திட்டு மிகுதி, எங்கே குறைவு என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றி அம்மரங்கள் கூறும் சாட்சியத்தைக் கேட்க அது ஒரு தொடக்கமாகும்.

திருத்திய விடை

அடுத்த வாரம் மக்தபில் அந்தப் பையனை அழைத்தேன். மற்றப் பிள்ளைகளும் கேட்கும்படியாகவே சொன்னேன்: "தம்பி, அன்றைக்கு விருந்தில் நீ கேட்டதற்கு நான் தவறான விடை சொல்லிவிட்டேன். கல்பாசி கடலில் விளைவது அன்று. எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். ஆசிரியர் தவறு செய்ததாகச் சொல்வதை அவர்கள் அதிகம் கேட்டதில்லை போலும். பிறகு பொட்டலத்தை எடுத்து வைத்தேன். உஷ்னா இழையை நனைத்து இழுத்து உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பைக் காட்டினேன். உள்ளங்கை அகலத் தகடு ஒன்றைத் தேடி எடுத்து, அது வளர ஆகும் காலத்தைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினேன்.

பையன் அந்தத் தகட்டைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது.

"அப்போ இதுக்கு என் வயசா, ஹஜ்ரத்?"

"ஏறத்தாழ அப்படித்தான், தம்பி."

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பின்பு அதை உடைத்துவிடாமல், இரு கைகளாலும் பிடித்து, பொட்டலத்துக்குள் திரும்ப வைத்தான்.

அன்பர்களே! நம் இல்லங்களில் விருந்து நடக்கட்டும், பிரியாணி மணக்கட்டும். கல்பாசியை விலக்குங்கள் என்று நான் கூற வரவில்லை. அடுத்த முறை அதைத் தட்டின் ஓரத்தில் காணும்போது, ஒரு பிள்ளையின் வயதை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கு அளவு தானாக வரும். அளவறிந்து கொள்வோருள் நம்மையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக!